கஞ்சித் தண்ணியில் முளைத்த ஆவாரை

ஷெர்லி: முதல்ல அந்தக் கடப்பாரையைக் கீழ வைங்க.

ஆண்டனி: ஒரு சாண் தோண்டிப் பாக்கேன். அவ்வளவுதான்.

ஷெர்லி: நக்கோ. வேணாம். வைங்கன்னா வைங்க.

ஆண்டனி: இந்த நக்கோ இன்னும் உங்கள விட்டுப் போகலையா?

ஷெர்லி: உங்க ‘பாக்கேன்’ போயிடுச்சா? அஞ்சு வருஷம் மினியாபொலிஸ்ல இருந்துட்டு வந்து, கேட்டுக்குள்ள கால் வச்ச பத்தாவது நிமிஷம் பாக்கேன், கேக்கேன்...

ஆண்டனி: கோவில்பட்டி அவ்வளவு லேசுல போகாது.

ஷெர்லி: இதுவும் அப்படித்தான். ஆவாரைக்கு வேர் நேரா கீழ இறங்கும். இந்நேரம் என் உயரத்துக்கு இருக்கும். நீங்க ஒரு சாண் தோண்டி இழுத்தா நடுவுல அறுந்துக்கும். சாயங்காலத்துக்குள்ள இலை எல்லாம் கூம்பிடும்.

ஆண்டனி: திங்கக்கிழமை ஜேசிபி வந்து இழுத்தா மட்டும்?

ஷெர்லி: அது திங்கக்கிழமை. இன்னிக்கு வைங்க.

ஆண்டனி: சரி. வச்சுட்டேன். கை காலி, பாருங்க.

ஷெர்லி: யார் குடுத்தா கடப்பாரை?

ஆண்டனி: எதிர் வீட்டு புஷ்பாக்கா. ஆட்டோல இருந்து இறங்கும்போதே கண்டுபிடிச்சுட்டாங்க. மேல் போர்ஷன் ஆண்டனியான்னு.

ஷெர்லி: எடுத்து எங்க வைக்கிறதா நெனப்பு?

ஆண்டனி: நீங்க குடி போற வீட்டுலதான். குஷாய்குடால.

ஷெர்லி: அது மூணாவது மாடி. பால்கனின்னு ஒண்ணு இருக்கு. அதுல துணி காயப்போட்டா நாம உள்ள வந்துடணும்.

ஆண்டனி: எனக்கு எப்படித் தெரியும்? ஆரோன் எழுதினதுல மாடி எல்லாம் இல்ல.

ஷெர்லி: ஆரோன் என்ன எழுதினான்?

ஆண்டனி: திருமுல்கேரி வீட்ட பில்டர்கிட்ட குடுத்தாச்சு, இடிச்சுட்டு அஞ்சு மாடி கட்டப் போறாங்க, நமக்கு ரெண்டு ஃப்ளாட்... அப்புறம் கடைசில தனியா ஒரு வரி. கேட் பக்கத்துல இருக்கிற ஆவாரையும் போகுதுன்னு.

ஷெர்லி: ஓ.

ஆண்டனி: பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு உங்க தம்பிக்கு ஆவாரைன்னு பேர் எல்லாம் ஞாபகம் இருக்கு பாருங்க.

ஷெர்லி: இருக்கும்... இருக்கும்.

ஆண்டனி: இங்க இருந்தப்ப செம்பருத்தியவே ரோஸ்னுதான் சொல்லுவான்.

ஷெர்லி: வெயில்ல நிக்காதீங்க. இப்படி நிழலுக்கு வாங்க.

ஜெயசுந்தரி: ஷெர்லி, யாருடி வாசல்ல? பில்டர் ஆளா? திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒரு செங்கல்லத் தொட்டா...

ஷெர்லி: பில்டர் இல்லம்மா. ஆண்டனி. மேல குடியிருந்தாரே.

ஜெயசுந்தரி: எந்த ஆண்டனி... பேப்பர்ல விதை மடிச்சு மடிச்சுக் கொண்டு வருமே, அந்தத் தம்பியா?

ஆண்டனி: அதே தம்பிதான் ஆன்ட்டி. நல்லா இருக்கீங்களா?

ஜெயசுந்தரி: கர்த்தர் கிருபையில இருக்கேன்பா. வெயிட் போட்டுட்ட. அங்க சோறு கிடைக்குதா?

ஆண்டனி: நானே வடிச்சுக்கிடுவேன் ஆன்ட்டி. அங்கிள் போனப்ப வர முடியல... மெயில்தான் போட்டேன்.

ஜெயசுந்தரி: ஆரோன் படிச்சுக் காட்டினான். ரெண்டு வருஷம் ஆகப் போகுது. போன அன்னிக்குக் காலைல கூட இந்தச் செடியத் திட்டிட்டுத்தான் போனாரு. மிலிட்டரி கிரவுண்டுல மாடு கூட மேயாத செடி, அதுக்கு ஒரு பாத்தி, அதுக்கு ஒரு வேலின்னு.

ஷெர்லி: திட்டிக்கிட்டே சுத்தி கல் அடுக்கிக் குடுத்தாரே, அதையும் சொல்லு.

ஜெயசுந்தரி: அது நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டதால. ஆமா, என்ன விஷயமா வந்த தம்பி?

ஆண்டனி: ஆபீஸ் வேலை ஆன்ட்டி. மாதாப்பூர்ல ஒரு மீட்டிங். அப்படியே பாத்துட்டுப் போலாம்னு...

ஜெயசுந்தரி: மாதாப்பூர் எங்க, திருமுல்கேரி எங்க. அதுக்குப் பேரு அப்படியேவா?

ஷெர்லி: அம்மா.

ஜெயசுந்தரி: சனிக்கிழமை வேற. மீட்டிங் வைக்கிறாங்களா?

ஆண்டனி: வைக்காங்க ஆன்ட்டி... சில சமயம்.

ஜெயசுந்தரி: தோள்ல துணிப்பைதான் தொங்குது. லேப்டாப்பக் காணோம். சரி சரி. டீ போடறேன். டம்ளர் எல்லாம் அட்டைப்பெட்டியில கட்டியாச்சு. ஊறுகா பாட்டில கழுவி அதுல தரேன். முகம் சுளிக்காம குடி.

ஆண்டனி: உங்கம்மா கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது.

ஷெர்லி: தப்பியிருக்கு. நிறைய.

ஆண்டனி: என்னது?

ஷெர்லி: ஒண்ணுமில்ல. பூ பாக்கத்தானே வந்தீங்க... மீட்டிங்குக்கு நடுவுல.

ஆண்டனி: பூவே இல்லையே. மொட்டை அடிச்ச மாதிரி நிக்குது.

ஷெர்லி: நேத்து வந்திருக்கணும். இன்னிக்கு பதுகம்மா பண்டிகை. புஷ்பாக்காவும் தெருப் பொண்ணுங்களும் நேத்து சாயங்காலமே கூடை எடுத்துட்டு வந்துட்டாங்க.

ஆண்டனி: மாடியில இருந்து பாத்திருக்கேன். தட்டுல கோபுரம் மாதிரி பூவ அடுக்கி நடுவுல வச்சு, சுத்திச் சுத்திப் பாடுவாங்க.

ஷெர்லி: ஹவ், அதேதான். தங்கேடு பூ, அதான் இந்த ஆவாரை, இது இல்லாம அந்தக் கோபுரம் நிக்காதாம். முன்னாடி எல்லாம் அல்வால் தாண்டி பொட்டல்ல போய்ப் பறிச்சுட்டு வருவாங்க. இப்ப பொட்டல் எங்க இருக்கு? எல்லாம் லேஅவுட், கம்பி வேலி, ஆர்ச். அதனால நாலு வருஷமா என் கேட்டுதான்.

ஆண்டனி: சி.எஸ்.ஐ. வீட்டுப் பூ பதுகம்மாவுக்குப் போகுது.

ஷெர்லி: சர்ச் ஐயருக்குச் சொல்லிடாதீங்க. அம்மாவே கூடை பிடிப்பாங்க. நேத்து புஷ்பாக்கா பறிச்சு முடிச்சுட்டு, அடுத்த வருஷம் நாங்க எங்க போறதுன்னு கேட்டாங்க. செடியைப் பாத்து கேட்டாங்க, என்னை இல்ல.

ஆண்டனி: அந்தச் சுவர் பக்கம் ஒரு கிளையில மட்டும் பூ இருக்கே.

ஷெர்லி: அவங்களுக்கு எட்டியிருக்காது.

ஆண்டனி: என் இடுப்பு உயரத்துலதான இருக்கு.

ஷெர்லி: அப்ப மறந்திருப்பாங்க.

ஜெயசுந்தரி: மறக்கிறதாவது. இவதான் அந்தக் கிளையில துப்பட்டாவச் சுத்திக் கட்டி, இதுல யாரும் கை வைக்காதீங்கன்னு காவல் நின்னா. இந்தா தம்பி, டீ. சூடு. துணியோட பிடி.

ஷெர்லி: விதைக்கு விட்டேன்மா. காய் பிடிக்கட்டும்னு.

ஜெயசுந்தரி: திங்கக்கிழமை போற செடியில எப்படிடி காய் பிடிக்கும்?

ஆண்டனி: டீ நல்லா இருக்கு ஆன்ட்டி.

ஜெயசுந்தரி: ஊறுகா வாசம் வருதா?

ஆண்டனி: லேசா. ஆவக்காய்.

ஜெயசுந்தரி: உனக்கு ஒண்ணு தெரியுமா? இந்தச் செடியை முளைக்க வச்சது யாருன்னு நெனக்கிற? நான்.

ஷெர்லி: ஆரம்பிச்சிட்டாங்க.

ஜெயசுந்தரி: பொய்யா? நீயே சொல்லு. தம்பி, நீ ஊருக்குப் போறப்ப கடைசியா ஒரு பொட்டலம் குடுத்துட்டுப் போன இல்ல, அதை அடுக்களைக்குப் பின்னாடி ஒரு தொட்டியில போட்டு வச்சிருந்தா. தினம் காலைல போய்க் குனிஞ்சு பாப்பா. ஒரு மாசம். ஒண்ணரை மாசம். மண்ணு மண்ணாவே இருக்கு.

ஆண்டனி: ஒண்ணரை மாசமா?

ஜெயசுந்தரி: ஒரு நாள் சிங்க் அடைச்சுக்கிச்சு. நான் சோறு வடிச்ச கஞ்சிய எங்க ஊத்தறதுன்னு தெரியாம, வெறுந்தொட்டிதானேன்னு கொதிக்கக் கொதிக்க அதுல ஊத்திட்டேன்.

ஷெர்லி: கொதிக்க எல்லாம் இல்ல. நல்ல சூடு.

ஜெயசுந்தரி: பாத்துட்டு இவ என்னைத் தின்னுட்டா. பத்தாவது நாள் என்ன ஆச்சு? ரெண்டு முளை. ஜம்முனு.

ஆண்டனி: ...கஞ்சியிலயா.

ஜெயசுந்தரி: கஞ்சியிலதான். அதுல ஒண்ணுதான் இது. இன்னொண்ணை எலி கடிச்சுடுச்சு. ஆனா பாரு, எனக்கு இன்னிவரைக்கும் புரியாத விஷயம் ஒண்ணு. முளை வந்தா மனுஷி சந்தோஷப்படுவாளா மாட்டாளா?

ஷெர்லி: அம்மா, போதும்.

ஜெயசுந்தரி: இவ அன்னிக்குப் பூரா சோறு வேணாம்னு சுவரைப் பாத்துப் படுத்துட்டா. அப்பா கூட கேட்டாரு, பரீட்சையில பாஸாயிட்டு யாராவது அழுவாங்களான்னு.

ஆண்டனி: ஏன் ஷெர்லி?

ஷெர்லி: தலைவலி.

ஜெயசுந்தரி: அதுக்கு முன்னாடி வந்த செடியை எல்லாம் இவளே கொன்னா, அதுக்கு ஒரு வேளை கூட பட்டினி கிடக்கல.

ஆண்டனி: கொன்னாங்களா?

ஜெயசுந்தரி: முதல் ரெண்டு தடவை நீ கொண்டு வந்தது முளைக்கவே இல்ல. மூணாவது தடவை ஆறு வந்துச்சு. பச்சையா, அழகா. தினம் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துனா தம்பி. ரெண்டு பக்கெட். குழாய்ல மஞ்சீரா தண்ணி வர்றதே ஒரு நாள் விட்டு ஒரு நாள். பதினஞ்சே நாள்ல அழுகிப் போச்சு.

ஆண்டனி: நான் வாரத்துக்கு ஒரு சொம்புன்னு சொன்னேனே. பேப்பர் மேல எழுதியே குடுத்தேன். தண்ணி ஆகாது, அழுகிடும்னு.

ஷெர்லி: மறந்துட்டேன்.

ஆண்டனி: பெரிசா எழுதியிருந்தேன்.

ஷெர்லி: மறந்துட்டேன்னு சொல்றேன்ல.

ஜெயசுந்தரி: சரி, அது போன கதை. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?

ஆண்டனி: இல்ல ஆன்ட்டி. பாக்காங்க.

ஜெயசுந்தரி: பாக்கறாங்கன்னா?

ஆண்டனி: புதன்கிழமை ஒரு வீட்டுக்குப் போகணும். தூத்துக்குடில. அம்மா வரச் சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் லீவு முடியுது.

ஷெர்லி: ஓ. புதன்கிழமை.

ஜெயசுந்தரி: ஆர்.சி. வீடுதானே?

ஆண்டனி: ஆமா ஆன்ட்டி.

ஜெயசுந்தரி: அதான். நீங்க வெளிய பொண்ணு எடுக்க மாட்டீங்க. நாங்க மட்டும் வெளிய குடுத்துடுவோமா என்ன. இவங்கப்பா அதுல ரொம்பக் கறார். மேல குடி வைக்கும்போதே கேட்டாரு, பையன் ஆர்.சி.யாச்சே, மாதா படம் எல்லாம் மாட்டுவானேன்னு.

ஆண்டனி: மாட்டினேனே. உள் ரூம்ல. ஆணி அடிக்காம.

ஜெயசுந்தரி: தெரியும். நீ போனப்புறம் வெள்ளையடிக்கும்போது பாத்தாரு. சுவர்ல ஒரு ஓட்டை கூட இல்லைன்னு ரெண்டு நாள் சொல்லிட்டிருந்தாரு... இப்ப அவரும் இல்ல. சுவரும் திங்கக்கிழமை இல்ல. இவளுக்கு மூணு இடம் வந்து போச்சு. மூணு பேர்லயும் ஏதோ ஒண்ணு சரியில்லைங்கறா. ஒருத்தனுக்குக் காது பெருசாம்.

ஷெர்லி: பெருசாத்தான் இருந்துது.

ஜெயசுந்தரி: போன் அடிக்குது. ஆரோனாத்தான் இருக்கும். நீ சாப்பிட்டுத்தான் போகணும் தம்பி. இல்லன்னா அவரு மேல இருந்து என்னைத் திட்டுவாரு.

ஆண்டனி: காது எவ்வளவு பெருசு?

ஷெர்லி: உங்களுக்கு எதுக்கு?

ஆண்டனி: சும்மா கேக்கேன்.

ஷெர்லி: யாரு அந்தத் தூத்துக்குடி?

ஆண்டனி: தெரியாது. போட்டோகூட பாக்கல. டீச்சராம்.

ஷெர்லி: நானும் டீச்சர்தான்.

ஆண்டனி: தெரியும்.

ஷெர்லி: ...அங்க பனி பெய்யுமில்ல?

ஆண்டனி: நவம்பர்ல ஆரம்பிச்சா ஏப்ரல் வரைக்கும். ஜன்னலைத் திறந்தா ஒண்ணுமே இருக்காது. ரோடு, மரம், கார் எல்லாம் ஒரே வெள்ளை. யாரோ ஊரை அழிச்சுட்டு மறுபடி வரைய மறந்துட்டாப்புல இருக்கும்.

ஷெர்லி: நான் வரைஞ்சு பாப்பேன்.

ஆண்டனி: எதை?

ஷெர்லி: மனசுலதான். இந்தச் செடி மஞ்சளாப் பூத்து நிக்கிறப்ப, அங்க இப்ப வெள்ளையா இருக்கும்னு நெனச்சுப்பேன். பாதி வெள்ளை, பாதி மஞ்சள். நடுவுல கடல். ஸ்கூலுக்குப் போறப்ப அந்த நெனப்போடவே பஸ்ல உக்காந்து ஸ்டாப்பத் தாண்டிப் போயிருக்கேன். ரெண்டு தடவை.

ஆண்டனி: எங்க இறங்கினீங்க?

ஷெர்லி: ஷாமீர்பேட் போற வழியில. ஞாபகம் இருக்கா அந்த ரோடு?

ஆண்டனி: இல்லாமயா? சர்ச் சேல்னு வீட்டுல சொல்லிட்டு வந்தீங்க. கையில காலிப் பை. பஸ்ல நீங்க முன்னாடி, நான் பின்னாடி. யாரோ எவரோ மாதிரி.

ஷெர்லி: நீங்க எனக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டீங்க. கண்டக்டர் எல்லாரும் கேக்கிற மாதிரி, ‘அம்மா, மீ ஆயன டிக்கெட் தீசுகுன்னாரு’ன்னு...

ஆண்டனி: உங்க வீட்டுக்காரர் எடுத்துட்டாருன்னு. எனக்கு அப்பவே அந்த அளவுக்குத் தெலுங்கு தெரியும். தெரியாத மாதிரி ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

ஷெர்லி: தெரிஞ்சுதா உங்களுக்கு?

ஆண்டனி: தெரிஞ்சுது.

ஷெர்லி: நான் அவர்கிட்ட இல்லைன்னு சொல்லல.

ஆண்டனி: அதுவும் தெரியும்.

ஷெர்லி: ...காஞ்ச காயைக் கைக்குட்டையில கட்டிட்டு வந்தோம். வர்ற வழியெல்லாம் அது மடியில கலகலன்னு சத்தம். அந்த விதைதான் முதல்ல முளைக்கல.

ஆண்டனி: ஆமா.

ஷெர்லி: அங்க பாருங்க. அந்த இலைக்கு அடியில.

ஆண்டனி: புழுவா?

ஷெர்லி: கூடு. மஞ்சப் பட்டாம்பூச்சியோடது. முதல் வருஷம் புழு இலையை எல்லாம் தின்னுச்சு. அப்பா மருந்து வாங்கிட்டு வந்துட்டாரு. நான்தான் தடுத்தேன். பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு காலைல கேட்டைத் திறக்கிறேன், செடியில இருந்து இருபது, முப்பது கிளம்புது. பூவே எழுந்து பறக்கிற மாதிரி. யாருக்காவது காட்டணும் போல இருந்துது.

ஆண்டனி: எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம்.

ஷெர்லி: உங்க மெயில்ல எல்லாம் ‘ஹோப் ஆல் ஆர் ஃபைன் தேர்’னு இருக்கும். அதுக்கு பட்டாம்பூச்சின்னு பதில் போட முடியுமா?

ஆண்டனி: அது ஆரோனுக்குப் போட்டது. எல்லாரும் படிப்பீங்கன்னு தெரிஞ்சு போட்டது.

ஷெர்லி: எத்தனை மணிக்கு மீட்டிங்?

ஆண்டனி: மீட்டிங் எல்லாம் இல்ல. கோவில்பட்டில இருந்து ரயில் ஏறி வந்தேன். சாயங்காலம் திரும்புறேன். இதுக்காகத்தான்.

ஷெர்லி: செடிக்காக.

ஆண்டனி: ...செடிக்காக.

ஷெர்லி: ரொம்ப தூரம், ஒரு செடிக்கு.

ஆண்டனி: ஷெர்லி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முதல் ரெண்டு தடவை முளைக்காதது... விதை மேல தப்பில்ல.

ஷெர்லி: தெரியும்.

ஆண்டனி: என்ன தெரியும்?

ஷெர்லி: நீங்களே சொல்லுங்க. அஞ்சு வருஷமா உங்க வாயால கேக்கணும்னு இருக்கேன்.

ஆண்டனி: ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. அப்படியே போட்டா மண்ணுக்குள்ள தூங்கிட்டே கிடக்கும். கல்லுல உரசிப் போடணும், இல்லன்னா வெந்நீர்ல ஊற வைக்கணும். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கம்மா தோட்டத்து வேலிக்கு அப்படித்தான் விதைப்பாங்க.

ஷெர்லி: என்கிட்ட சொல்லல.

ஆண்டனி: சொல்லல.

ஷெர்லி: கைக்கு? ஏன் சொல்லல?

ஆண்டனி: முளைச்சிட்டா அப்புறம் நான் எதுக்குக் கீழ வாறது? மாடிப்படி இறங்கி, வராந்தாவுல உங்கப்பா பேப்பருக்கு மேல கண்ண வச்சுப் பாக்கிறதைத் தாண்டி, உங்க முன்னாடி வந்து நிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்ல. முளைக்கல, வேற விதை வேணும்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருந்துது. கோவமா?

ஷெர்லி: கஞ்சித் தண்ணி ஊத்தி முளைச்சுதே, அந்தக் காலைலயே தெரிஞ்சுடுச்சு எனக்கு. சூடு பட்டாத்தான் முளைக்கும்னா, கோவில்பட்டிக்காரருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்னு தோணுச்சு. தொட்டி பக்கத்துலயே உக்காந்துட்டேன். நீங்க போய் அப்ப ரெண்டு மாசம் ஆயிருந்துது.

ஆண்டனி: அதான் சாப்பிடலையா?

ஷெர்லி: தலைவலின்னு சொன்னேன்ல.

ஆண்டனி: ஷெர்லி...

ஷெர்லி: கடைசிப் பொட்டலத்துல கூட சொல்லாம போனீங்களே.

ஆண்டனி: எழுதினேன். தண்ணி ஆகாதுங்கறதுக்குக் கீழ ஒரு வரி எழுதினேன், வெந்நீர்ல ஊறப் போடுங்கன்னு. அப்புறம் பேனாவால அடிச்சிட்டேன்.

ஷெர்லி: அடிச்சது இருந்துது. என்னன்னு படிக்க முடியல. வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். வேற ஏதோ எழுதி அடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.

ஆண்டனி: வேற என்ன?

ஷெர்லி: வேற ஏதோ.

ஆண்டனி: முளைக்கலைன்னா எழுதிக் கேப்பீங்கன்னு இருந்தேன். ஒரு மெயில் வரும், ஆண்டனி, விதை முளைக்கலைன்னு. வரவே இல்ல. சரி, முளைச்சிடுச்சு போலன்னு...

ஷெர்லி: முளைச்சிடுச்சு, இனிமே வர வேண்டாம்னு நான் எப்படி எழுதுவேன்? நீங்க போனப்புறம்தான் இது வளர்ந்துச்சு. ஒரு தடை இல்லாம. பாத்தீங்களா, சுவரையே தாண்டிடுச்சு.

ஆண்டனி: அந்த மூணாவது தடவை... நீங்க வெறுந்தொட்டியப் பாத்துட்டு நின்னீங்க ஒரு நாள். கண்ணெல்லாம் ஒரு மாதிரி. எனக்குப் பொறுக்கல. அந்தத் தடவை மட்டும் எல்லா விதையையும் மாடிப்படியில உக்காந்து கல்லுல உரசிக் குடுத்தேன். ஆறு வந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துது, பயமாவும் இருந்துது. இனி அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பதினஞ்சாவது நாள் வந்து நிக்கீங்க, அழுகிடுச்சு, வேற வேணும்னு.

ஷெர்லி: ஹவ்.

ஆண்டனி: நீங்க எதையும் மறக்கிற ஆள் இல்ல. அஞ்சு வருஷத்துக்கு முந்தின கண்டக்டர் பேச்ச அப்படியே சொல்லுதீங்க. தண்ணி ஊத்தக் கூடாதுங்கறது மட்டும் எப்படி மறந்துச்சு?

ஜெயசுந்தரி: ஷெர்லி, வாசல்ல ஆட்டோ நிக்குது பாரு. தம்பி வரச் சொன்னதா? சாப்பிடாம எப்படி அனுப்பறது? ஆரோன் லைன்ல இருக்கான். செடியைப் பத்தி நான் எங்க எழுதினேன், அக்கா டைப் பண்ணிக் குடுத்ததத்தானே அனுப்பினேங்கறான். என்னடி சொல்றான் இவன்?

ஷெர்லி: சும்மா உளர்றான்மா. அஞ்சு நிமிஷம். சாதத்தை வடி, வரோம்.

ஆண்டனி: நீங்க டைப் பண்ணதா?

ஷெர்லி: காய் பறிக்கப் போறேன். பையைப் பிடிங்க.

ஆண்டனி: ஷெர்லி, அந்த வரி...

ஷெர்லி: இது போன மாசப் பூவோட காய். நல்லா காஞ்சிருக்கு. சத்தம் கேக்குதா?

ஆண்டனி: கேக்குது. பஸ்ல கேட்ட மாதிரியே.

ஷெர்லி: செடி வராது. விதைதான் வரும். கொண்டு போய் எங்க வைப்பீங்க? அந்தப் பனியில?

ஆண்டனி: ஜன்னல் ஓரமா ஒரு தொட்டி. ஹீட்டர் பக்கத்துல.

ஷெர்லி: பேப்பர்ல மடிச்சுத் தரேன். மேல குஷாய்குடா அட்ரஸ் எழுதறேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

ஆண்டனி: எழுதுங்க. ஆனா நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல நீங்க. இதைத் தெரிஞ்சுக்காம நான் புதன்கிழமை அங்க போய் உக்கார முடியாது. ஏன் தினம் ரெண்டு பக்கெட் ஊத்துனீங்க?

ஷெர்லி: இந்தாங்க விதை. கல்லுல உரசல, வெந்நீர்ல போடல, நீங்க குடுத்த மாதிரியே குடுக்கிறேன். முளைக்கலைன்னா, வேற விதை வேணும்னு இந்த அட்ரஸுக்கு வந்து கேளுங்க... தப்பித் தவறி முளைச்சிட்டா, தினம் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துங்க. அழுகிடும். அப்புறம் வந்து கேளுங்க. நான் அப்படித்தான் உங்களைக் கீழ வர வச்சேன்.